ஓரத்திலிருந்து படிக்கும் வேலை

பழைய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தால் எல்லோருடைய கண்ணும் நடுவுக்குத்தான் ஓடும். நம்ம தோட்டம் எங்கே, ஆறு எந்தப் பக்கம் போகிறது, அப்போதே இந்தச் சாலை இருந்ததா என்று தேடுவார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களின் கண் முதலில் ஓரத்துக்குப் போகும். யார் அச்சடித்தது, எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, அளவுகோல் என்ன, எந்தக் குறிக்கு என்ன பொருள், யார் கையில் இருக்கலாம் என்று என்ன முத்திரை குத்தியிருக்கிறது என்று பார்ப்போம். இதையெல்லாம் முடித்த பிறகுதான் நடுவுக்கு வருவோம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் லைசென்ஸ் சர்வேயர் ஒருவரின் அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தவன் நான். மாடியில் அலுவலகம், கீழே சாப்பாட்டுக் கடை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்; சர்வே இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பழைய தாள் ஒன்று மேசைக்கு வந்தால் அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “தம்பி, இதைக் கீறச் சொல்லி ஆர் காசு குடுத்தது? அதைப் பாரும் முதல்ல.”

வரைபடங்களைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். காசு கொடுத்தவருக்கு எது தேவையோ அது படத்தில் இருக்கும், தேவைப்படாதது இருக்காது. இதில் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் ஆட்கள் செத்துப்போய், கட்டடங்கள் இடிந்துபோய், அந்தத் தாள் மட்டுமே சாட்சியாக மிஞ்சும் காலம் வரும். அப்போது தாளில் ஏறாதவை எல்லாம் இல்லவே இல்லாதவை ஆகிவிடும்.

நான் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. டிரேசிங் துணி, ரூலிங் பேனா, இந்தியன் மை, தப்பைச் சுரண்டி எடுக்க ஒரு பிளேடு. களத்திலிருந்து ஃபீல்டு புக் வரும். ஒவ்வொரு எல்லைக் கோட்டுக்கும் ஒரு திசைக்கோணம், ஒரு நீளம். பழைய புத்தகங்களில் நீளமெல்லாம் லிங்க் கணக்கு. 66 அடி ஒரு சங்கிலி, சங்கிலிக்கு 100 லிங்க், 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. ஏக்கரை உடைத்தால் 4 ரூட், ரூட்டை உடைத்தால் 40 போல். ஒரு எல்லைக்கல்லில் புறப்பட்டுக் கல் கல்லாகச் சுற்றி வந்தால், புறப்பட்ட கல்லிலேயே கணக்கு முடிய வேண்டும். முடியவில்லையென்றால் களத்தில் யாரோ லிங்க்கை விட்டுவிட்டார்கள், இல்லை கோணத்தைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று பொருள். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சதுப்பிலும் லாலாங் காட்டிலும் நடந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். படத்தின் ஓரத்தில் சர்வேயர் பெயர் இருக்கும், வரைந்தவர் கையெழுத்து இருக்கும், சரிபார்த்தவர் கையெழுத்தும் இருக்கும். செயின்மேனுக்கு அங்கே இடம் கிடையாது.

பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் வைத்துக் கட்டிய ஊர்; தாங்கவில்லை. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று சொன்னார். ஊருக்குத் தென்மேற்கே இருந்த களிமண் நிலத்தில் காப்பிட்டான் யாப் ஆ லோய் சூளை போட்டார். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் இருந்த புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு சூளை இருந்த பக்கமெல்லாம் ரயில்வேக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும், கணக்கு எழுதியவர்களும் ஸ்டேஷன் பார்த்தவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்தும். ஊழியர்களுக்காக 1905இல் ‘நூறு குவாட்டர்ஸ்’ என்று இன்றும் பழைய ஆட்கள் சொல்லும் வரிசை வீடுகள் எழுந்தன.

பழைய படத்தில் இந்தப் பகுதியைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். சாலையோரக் கடைவீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி லாட். எண் போட்டு, எல்லைக்கல் போட்டு, கோடு கீறியிருக்கும். ரயில்வே ஒதுக்கு நிலமோ ஒரே பரப்பு. அரசாங்கம் தன் நிலத்துக்குள் வீட்டுக்கு வீடு லாட் பிரிக்காது; பிரிக்கத் தேவையும் இல்லை. அந்தப் பரப்புக்குள் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், மூன்று தலைமுறை வாழ்ந்தது. அதெல்லாம் படத்தின் கணக்கில் வராது. அதனால் பிற்காலத்தில் ரயில்வே யார்டு கே.எல். சென்ட்ரலாக மாறியபோதும் (2001இல் திறந்தார்கள்), பிறகு நூறு குவாட்டர்ஸ் இடிபட்டபோதும், குடியிருந்தவர்கள் காலி செய்ய வேண்டிய வாடகைக்காரர்களாகத்தான் நின்றார்கள். கூப்பிடு தூரத்தில், 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் சாலையைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. அதன் வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் பேச்சு 2014இல் எழுந்தபோது வட்டாரமே எதிர்த்தது. 2016இல் மரபுக் கட்டடமாக அறிவிப்பும் வந்தது. ஒரே காலத்தில், ஒரே தாளுக்குள் எழுந்த இரண்டு. ஒன்று ஊரறிந்த தனி இடம். மற்றது பெரிய கட்டத்துக்குள் ஒரு மூலை.

கோடுகளை விடப் பெயர்கள் சீக்கிரம் மாறும். சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் மாதிரி அலுவலகங்களுக்கு அது ஓயாத வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரோடு ஜாலான் துன் சம்பந்தன் ஆயிற்று. பத்து ரோடு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். ஃபோக் அவென்யூ ஜாலான் செங் லோக். 1972இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் கிள்ளான் துறைமுகம் ஆனது. இவற்றில் மாஸ்டருக்கு மிகவும் பிடித்தது பர்ச் ரோடு. பர்ச் என்றதும் நினைவுக்கு வருபவர் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட். 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டவர். அந்தக் கொலைக்காக 1877இல் தூக்கில் போடப்பட்டவர் மகாராஜாலேலா. இன்று கோலாலம்பூரில் பர்ச் ரோட்டின் பெயர் ஜாலான் மகாராஜாலேலா. மோனோரயில் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். “பெயர் மாத்தினவன் வரலாறு படிச்சவன்தான்” என்று சொல்லிச் சிரிப்பார் மாஸ்டர். நாங்கள் சிரித்துவிட்டுப் பழைய பெயரைச் சுரண்டிப் புதுப் பெயரை எழுதுவோம்.

பழைய பெயர் போட்ட படங்களைத் தூக்கி எறிய மாட்டோம். லேண்ட் ஆபீஸ் கோப்பில் 1930ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று வந்தால் அதில் பர்ச் ரோடு என்றுதான் இருக்கும். இரண்டு பெயரையும் தெரிந்தவரிடம்தான் வேலை வரும்.

பெயர் எழுதுவது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை புலாவ் பத்து பூத்தே. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் ஒரு பாறைத் தீவு. சிங்கப்பூரில் அரசு சர்வேயராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் அதன் மேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டி 1851இல் முடித்தார். தீவு யாருடையது என்பது வெகுகாலம் யாரும் கிளப்பாத பேச்சு. 1979 டிசம்பரில் மலேசியா தன் கடல் எல்லைகளைக் காட்டி ஒரு புதுப் படம் வெளியிட்டது. அதில் தீவு மலேசிய எல்லைக்குள் இருந்தது. இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. வழக்கு ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போய், 2008 மே 23இல் தீவு சிங்கப்பூருக்கு என்று தீர்ப்பானது.

தீர்ப்பின் முக்கிய அடிப்படை வேறு. ஜொகூர் அரசாங்கம் அந்தத் தீவுக்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் 1953இல் எழுதிய கடிதம், அதற்குப் பிறகு இரு தரப்பும் நடந்துகொண்ட விதம். ஆனால் நீதிபதிகள் இன்னொன்றையும் எடுத்து வைத்தார்கள். 1962க்கும் 1975க்கும் இடையில் மலாயா, மலேசிய நில அளவைத் துறையே அச்சடித்த சில தாள்களில், தீவின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சிங்கப்பூர் என்று இருந்தது. எல்லை விஷயத்தில் இந்தப் படத்தை அத்தாட்சியாகக் கொள்ளக் கூடாது என்ற வழக்கமான குறிப்பு ஓரத்தில் இருக்கிறதே என்று மலேசியா வாதாடியது. அது போதவில்லை. ஒரு நாடு தனக்கே எதிராகப் போகும் ஒன்றைத் தானே அச்சடித்து வெளியிட்டால், அந்த நாடு அப்போது என்ன நினைத்தது என்பதை அது காட்டும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. அந்த எழுத்துகள் ஒரு படத்தில் அரிசிமணி அளவுகூட வராது. பேனா பிடித்து அதை எழுதியது எங்களைப் போன்ற ஒருவரின் கைதான்.

இதற்கு நேர் எதிரானது சிப்பாடான், லிகித்தான் தீவுகளின் வழக்கு. போர்னியோவில் பிரிட்டனும் நெதர்லாந்தும் 1891இல் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. டச்சு அரசாங்கம் தன் நாடாளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்கும்போது ஒரு படத்தை இணைத்தது. அதில் செபாத்திக் தீவையும் தாண்டிக் கடலுக்குள் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அந்தக் கோட்டை வைத்து இந்தோனேசியா இரண்டு தீவுகளையும் கேட்டது. அது டச்சுக்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட படம், பிரிட்டன் ஒத்துக்கொண்ட படம் இல்லை என்று 2002 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீவுகள் மலேசியாவுக்கு வந்தன. எதனால் வந்தன தெரியுமா? அங்கே ஆமை முட்டை எடுப்பதைப் பிரிட்டிஷ் வட போர்னியோ நிர்வாகம் முறைப்படுத்தியிருந்தது, கலங்கரை விளக்கம் கட்டியிருந்தது. ஒரு வழக்கில் சிறிய எழுத்து நின்றது. இன்னொன்றில் நீண்ட சிவப்புக் கோடு விழுந்தது. யார் கையால், யார் சம்மதத்தோடு வரைந்தது என்பதை வைத்தே எடை போட்டார்கள். ஓரத்தைப் படிக்கச் சொல்வதன் காரணம் அதுதான்.

இந்தப் பழக்கத்தை மற்றவர்கள் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை. அவ்வப்போது இளைஞர்கள் பழைய உலகப் படங்களின் நகலை எடுத்துக்கொண்டு மாடியேறி வருவார்கள். தாலமியின் ‘பொன் தீபகற்பம்’ ஒன்று, 1613இல் மலாக்காக்காரரான எரேடியா வரைந்தது ஒன்று. “அண்ணே, இதுல நம்ம கடாரம் எங்க இருக்கு?” என்று கேட்பார்கள். கடாரம் கெடா என்பது அறிஞர்கள் பலர் ஏற்றுக்கொண்டது. ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை விவரிக்கும் கல்வெட்டு தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், கடாரம் என்று ஊர் ஊராக வரிசை போகும். அதையும் ஒரு வரைபடம் என்றே நான் சொல்வேன், கோடு இல்லாத வரைபடம். ஆனால் தூரம் இல்லை, எல்லை இல்லை, அந்த ஊர்களில் யார் வாழ்ந்தார்கள் என்பதும் இல்லை. வென்ற பெயர்களும் கவர்ந்த செல்வமும் உண்டு. காசு கொடுத்தவர் அரசர். அவருக்குத் தேவையானது இருக்கிறது. பெருமைப்படலாம், அது வேறு. ஆதாரமாக வைக்கும்போது மாஸ்டரின் கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும்.

அதே கோயிலில் இன்னொரு சங்கதி நடந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, தென்னிந்தியா முழுவதையும் முக்கோண முறையில் அளக்க வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னை பரங்கிமலையில் அடிக்கோடு போட்டார். தஞ்சை சமவெளியில் ஏறி நின்று பார்க்கக் குன்று இல்லை. 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டிப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றினார். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. பழுது பார்க்க வாரக்கணக்காயிற்று. ஒரு பேரரசின் ஊர்ப் பட்டியல் சுவரில் இருக்க, அடுத்த பேரரசின் அளவுக்கருவி அதே கோயில் மேல் ஏறியிருக்கிறது. மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லும்போது கருவிக்காகத்தான் வருத்தப்படுவார்.

இனி கோட்டுக்கு வருகிறேன். மலேசியத் தமிழர்களுக்கு அதிகம் வலித்த இடம் அதுதான்.

வில்லியம் மேக்ஸ்வெல் சிலாங்கூர் ரெசிடென்டாக இருந்தபோது, 1891இல் இங்கே டோரன்ஸ் முறையைக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்த முறை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ நிலம் அவருடையது. எந்த நிலம் என்பதற்கு அளந்து கீறிய படமே ஆதாரம். அதற்கு முன், காட்டை வெட்டித் திருத்தி உழைப்பவருக்கு அனுபவ உரிமை என்பது மலாய் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பி லண்டனில் யாரும் ரப்பர் கம்பெனிப் பங்கு வாங்க மாட்டார்கள். அவர்களுக்கு எண் போட்ட லாட் வேண்டும், கிராண்ட் வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு இப்படித்தான் சில கோடுகளுக்குள் அடங்கிக் கித்தாத் தோட்டமானது. 1913இல் மலாய் ஒதுக்கு நிலச் சட்டம் வந்து வேறு சில பகுதிகளுக்கு வேறு கோடு போட்டது. இரண்டு கோட்டிலும் பங்கில்லாமல் நின்றவர் பால்மரம் வெட்ட வந்த தமிழர். அவர் இருந்தது கம்பெனி லாட்டுக்குள், கம்பெனி லயத்தில்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: நூறு வருஷம் இருந்த இடத்தில் உரிமை இல்லாமல் போகுமா? அங்கே 12 வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் தனியார் நிலத்தில் அனுபோக பாத்தியதை பேசலாம். இங்கே 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. 48ஆம் பிரிவு அரசு நிலத்துக்கு, 341ஆம் பிரிவு பட்டா உள்ள தனியார் நிலத்துக்கு. எத்தனை தலைமுறை இருந்தாலும் இருந்ததனால் மட்டும் உரிமை வராது. அதனால்தான் இங்கே படத்துக்கு இவ்வளவு பலம்.

அதிலும் எங்கள் மேசைக்கு வரும் படங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பட்டாவுக்கான படம்: லாட் எண், எல்லைக்கல், கோணம், நீளம், பரப்பு. உள்ளே என்ன நிற்கிறது என்று காட்டாது. இன்னொன்று நில அமைப்புப் படம், ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்கும் தாள், அதாவது 63,360க்கு ஒன்று. மேடு, ஆறு, பாலம், ரப்பர், லயம், ஆஸ்பத்திரி, கோயில், மசூதி எல்லாம் குறியாக இருக்கும். முதல் படம் லேண்ட் ஆபீஸின் தேவை. இரண்டாவதற்குப் பெரிய தேவையாளர் ராணுவம். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகாமல் தடுக்க 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். ரோந்து போகும் சிப்பாய்க்கு நிலம் யாருடையது என்பது கவலையில்லை. எதைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்வது என்பதுதான் கவலை. தோட்டத்துக் கோயிலைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்ளலாம். ஆகவே கோயில் படத்தில் ஏறியது. அந்தப் படங்களுக்கோ ‘தெர்ஹாட்’ முத்திரை. அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. கம்பெனி நிலத்துப் பட்டாப் படத்தில் கோயில் இல்லை. கோயில் இருக்கிற படத்தைக் கோயில்காரர்கள் பார்க்க முடியாது.

1980களிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்பு நிலமாயின. லாட் கை மாறியது. கோடு அப்படியே இருந்தது. கோட்டுக்குள் கோயில் ‘அனுமதியில்லாத கட்டடம்’ ஆனது. 2007 அக்டோபர் 30இல் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிபட்டது. நவம்பர் 25இல் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணிக்குக் கூட்டம் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவில் சீபீல்ட் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கலவரமே வந்தது. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: முன்னால் வந்தது எது, கோயிலா, கோடா?

அப்படி ஒரு கோயிலின் கமிட்டிக்காரர்கள் ஒருமுறை என்னிடம் வந்தார்கள். கிள்ளான் பக்கம், ஊரையும் நில உரிமையாளரையும் சொல்லப்போவதில்லை. தலைவர் பரபரப்பாக இருந்தார். “அண்ணே, எங்க தாத்தா காலத்துக் கோயில். ஆதாரம் கேக்குறாங்க. நீங்க பாத்து ஒரு படம் போட்டுக் குடுங்கண்ணே.”

இடத்தைப் போய்ப் பார்த்தேன். செம்பனை வெட்டிச் சாய்த்த நிலம். அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் கூடவே நடந்தார். “தம்பி, இங்கதான் ஆயாக்கொட்டாய். அந்த மேட்டுல கிராணி வீடு. கோயிலுக்கு முன்னால தண்ணித் தொட்டி, தொட்டிக்கு அந்தாண்ட லயம்.” அவர் காட்டிய இடமெல்லாம் வெறும் மண். நான் ஒவ்வொரு இடத்திலும் முளைக்குச்சி அடித்து ஜி.பி.எஸ். எண் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மைல் ஓர் அங்குலத் தாளின் பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தோம். ஆவணக் காப்பகத்திலும் வெளிநாட்டு நூலகங்களிலும் இவை பார்வைக்குக் கிடைக்கின்றன. அதை இன்றைய நிலத்தின் மேல் பொருத்த வேண்டும். காகிதம் பல வருஷத்தில் சுருங்கியிருக்கும். ஆறு இடம் மாறியிருக்கும். அசையாதவற்றைப் பிடிக்க வேண்டும்: ரயில் பாலம், முக்கோண அளவைக் கல் இருக்கும் குன்று, பழைய எல்லைக்கல். பட்டாப் படங்கள் காசினி முறையில், நில அமைப்புப் படங்கள் வேறு முறையில். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். எல்லாம் பொருத்தி முடித்தபோது லயங்களுக்கான சிறு கறுப்புக் கட்டங்கள் பாட்டி நின்று காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன. அவற்றுக்கு மேற்கே கோயில் குறியும் இருந்தது.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் அவரை உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். குறியின் அகலமே ஒரு மில்லிமீட்டருக்கு மேல். கோயில் இருந்தது என்பதை இந்தப் படம் சொல்லும். எந்த லாட்டில் இருந்தது என்று அடித்துச் சொல்லாது. பட்டாப் படமோ எல்லையை ஒரு சாண் பிசகாமல் சொல்லும். கோயில் என்று ஒன்று இருந்ததையே சொல்லாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் பேச்சுவார்த்தைக்குப் பலம் கிடைக்கும், பட்டா கிடைக்காது.

அப்படியேதான் ஆயிற்று. கோயில் அந்த இடத்தில் நிற்கவில்லை. ஆனால் வெறும் கையோடு வெளியேறவும் இல்லை. பழைய தாளை மேசையில் வைத்த பிறகு, ‘நேற்று வந்த கொட்டகை’ என்ற பேச்சு நின்றுபோனது. சற்றுத் தள்ளிச் சிறியதாக ஒரு நிலம் ஒதுக்கினார்கள். அதை அளந்து படம் போடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. நான்கு எல்லைக்கல், ஒரு லாட் எண், பயன்பாடு வழிபாட்டுத் தலம். கமிட்டியில் பலருக்குப் பழைய இடம் போன வருத்தம் இன்னும் ஆறவில்லை. அது நியாயமான வருத்தம். பாட்டி மட்டும் படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மனுக்கு இப்பத்தான்டா ஐசி கெடச்சிருக்கு.” தோட்டத்தில் குடியுரிமை தராத சிவப்பு அடையாள அட்டையோடு வருஷக்கணக்காக அலைந்தவர்களைப் பார்த்தவர் அவர். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கோயில் மட்டும் இல்லை. தோட்டத்துச் சுடுகாடு, தமிழ்ப் பள்ளி எல்லாம் இதே கதைதான். பல தமிழ்ப் பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருப்பதற்கு, அவை நிற்கும் நிலம் அரசின் பெயரில் இல்லாததுதான் காரணம். தாளில் நம் பெயரை ஏற்ற வேண்டியவர் வேறு யாரும் இல்லை, நாம்தான். ஆகவே கமிட்டிக்காரர்கள் யார் வந்தாலும் நான் சொல்வது இதுதான். உங்கள் கோயில் நிற்கும் நிலத்தின் லாட் எண்ணை லேண்ட் ஆபீஸில் தேடி எடுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், தோட்டம் விற்கப்படும் செய்தி வரும் வரைக்கும் காத்திருக்காமல் இன்றே எழுத்தில் கேளுங்கள். வயதானவர்களை நடக்க வைத்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து வையுங்கள். அதற்கு ஆகும் செலவு கோபுரத்துக்கு வர்ணம் பூசும் செலவைவிடக் குறைவுதான்; வர்ணத்தை அடுத்த வருஷம்கூடப் பூசிக்கொள்ளலாம்.